கொனாக்ட் குடியரசு, 1798: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், பிரெஞ்சுப் படையின் துணையோடு ஒரு குடியரசு எழுந்து சில நாட்களிலேயே வீழ்ந்தது. உலக வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு வரிக்குள் ஆயிரக்கணக்கான குடியானவர்களின் நம்பிக்கையும் சாவும் இருக்கின்றன. படிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கொனாக்ட் எங்கே இருக்கிறது?

அயர்லாந்தின் நான்கு பழைய மாகாணங்களில் மேற்கில் இருப்பது கொனாக்ட். மேயோ, கால்வே, ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அதில் அடங்கும். கல்லும் சதுப்பும் நிறைந்த நிலம், அட்லாண்டிக் காற்று, ஓயாத மழை. 1798இல் அங்கே பெரும்பாலான மக்கள் ஐரிஷ் மொழி பேசிய கத்தோலிக்கர்கள், குத்தகைக்கு நிலம் பிடித்து உழுதவர்கள்.

அவர்கள் எதற்காகக் கிளர்ந்தார்கள்?

கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் நாடாளுமன்றத்தில் அவர்கள் உட்கார முடியாது. நிலம் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் பிரபுக்களின் கையில் இருந்தது. தங்களுடையது அல்லாத ஆங்கிலிக்கன் சபைக்கு அவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும். குத்தகை தனி.

இதை வெறும் மதச் சண்டையாகப் பார்த்தால் தவறாகிவிடும். 1791இல் பெல்ஃபாஸ்டில் 'ஐக்கிய ஐரிஷ்காரர்' சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன் பிரிவினர், அதாவது ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டன்ட்கள். சங்கத்தின் பெரும் பெயரான உல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டன்ட் வழக்கறிஞர். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற பெயர்களை எல்லாம் தள்ளிவிட்டு எல்லோரும் 'ஐரிஷ்காரர்' என்ற ஒரே பெயரில் நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கனவு. அமெரிக்காவும் பிரான்சும் அரசர்களை உதறிவிட்ட காலம் அது. இங்கேயும் முடியும் என்று நினைத்தார்கள்.

மேயோவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1795க்குப் பிறகு வடக்கே ஆர்மா பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டன. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மேற்கே வந்து குடியேறினார்கள். சங்கத்தின் பேச்சு அவர்களோடும் சேர்ந்து வந்தது.

பிரான்ஸ் ஏன் இதில் தலையிட்டது?

பிரிட்டனோடு அது போரில் இருந்தது. எதிரியின் கொல்லைப்புறத்தில் நெருப்பு வைப்பது பழைய போர்த் தந்திரம். 1796 டிசம்பரில் தளபதி ஓஷ் தலைமையில் ஏறக்குறைய 15,000 வீரர்களோடு ஒரு பெரிய கடற்படை அயர்லாந்தின் தெற்கே பான்ட்ரி விரிகுடா வரை வந்தது. உல்ஃப் டோனும் அதில் இருந்தார். புயல் கரையேற விடவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். 15,000 பேர் வந்தபோது புயல் தடுத்தது. 1798 மே மாதம் அயர்லாந்து உண்மையிலேயே கிளர்ந்தெழுந்தபோது நெப்போலியன் பெரும் படையை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார். தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்ட் மக்கள் ஈட்டிகளோடு தனியாகப் போராடி, ஜூன் 21 அன்று வினிகர் குன்றில் தோற்றார்கள். வடக்கே ஆன்ட்ரிமும் டவுனும் அதற்கு முன்பே அடங்கிவிட்டன. அதன்பிறகுதான் பிரான்சிலிருந்து கப்பல்கள் கிளம்பின.

எத்தனை பேர் வந்தார்கள்? தலைவர் யார்?

மூன்று போர்க்கப்பல்கள், சுமார் 1,100 வீரர்கள். தளபதி ழான் ஜோசப் ஹம்பர்ட். வோஸ்ஜ் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, தோல் வியாபாரம் செய்து, புரட்சி வந்தபின் படையில் சேர்ந்து மளமளவென்று மேலே வந்தவர். பான்ட்ரிக்குப் போன படையிலும் இருந்தவர். பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்தும் டன்கர்க்கிலிருந்தும் வேறு படைகள் கிளம்ப வேண்டியிருந்தது. அவற்றுக்காகக் காத்திராமல் ஆகஸ்ட் 6 அன்று ஹம்பர்ட் முதலில் புறப்பட்டுவிட்டார். அவசரக்காரர் என்று சிலர் சொல்வார்கள். அவர் காத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

கரையிறங்கிய நாளில் என்ன நடந்தது?

1798 ஆகஸ்ட் 22. மேயோவின் வடகரையில் கில்லாலா விரிகுடாவுக்குள் மூன்று கப்பல்கள் பிரிட்டிஷ் கொடியோடு நுழைந்தன. கில்லாலாவின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜோசப் ஸ்டாக்கின் வீட்டில் அன்று விருந்தாளிகள் இருந்தார்கள். ஆயரின் இரண்டு மகன்கள் நம் கப்பல்தானே என்று படகேறிப் பார்க்கப் போனார்கள். ஏறியதும் கைதிகள்!

பிரெஞ்சுக்காரர்கள் கில்கமின் என்ற இடத்தில் இறங்கி, அன்று மாலையே கில்லாலாவைப் பிடித்தார்கள். ஆயரின் மாளிகைதான் தலைமையகம் ஆனது. அதன்மேல் யாழ் பொறித்த பச்சைக் கொடி ஏறியது. ஆயருக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும், அதனால் ஹம்பர்ட்டோடு நேரடியாகவே பேசினார். பார்த்ததையெல்லாம் எழுதியும் வைத்தார். குடியரசின் எதிர்த்தரப்பில் இருந்த மனிதர், ஆனாலும் அவர் எழுத்தில் நேர்மை இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் தந்ததுதான்.

உள்ளூர் மக்கள் சேர்ந்தார்களா?

சேர்ந்தார்கள், கூட்டம் கூட்டமாக. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளும் சீருடைகளும் கொண்டுவந்திருந்தார்கள். நீல மேலங்கியும் துப்பாக்கியும் கையில் கிடைத்ததும் குடியானவப் பையன்கள் சிப்பாய்கள் ஆனார்கள். முறையான பயிற்சிக்கு நேரமே இல்லை.

இங்கே ஒரு விசித்திரமும் உண்டு. வந்த வீரர்களில் பலர் இத்தாலியில் போரிட்டவர்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் பிரெஞ்சுப் படை போப்பாண்டவரை ரோமிலிருந்து வெளியேற்றியிருந்தது. மேயோ மக்களோ பிரான்சுக்காகவும் கன்னி மரியாளுக்காகவும் ஆயுதம் எடுத்தோம் என்று சொல்லி வந்து நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வியந்து போனார்கள். நான் இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். தனக்கு உதவ வந்தவனைத் தன் நம்பிக்கைக்குள் சேர்த்துக்கொள்வது எங்கும் எளிய மக்களின் வழக்கம்தானே.

'காசில்பார் பந்தயம்' என்கிறார்களே, அது என்ன?

ஆகஸ்ட் 27 அன்று நடந்த சண்டைக்கு மக்கள் வைத்த பெயர். மேயோவின் தலைநகரான காசில்பாரில் தளபதி லேக்கின் கீழ் பிரிட்டிஷ் படை காத்திருந்தது. ஆட்களும் பீரங்கிகளும் அவர்களிடம்தான் கூடுதல். பாலினாவிலிருந்து வரும் நல்ல சாலையில்தான் எதிரி வருவான் என்று எதிர்பார்த்தார்கள்.

ஹம்பர்ட் அந்தச் சாலையைத் தொடவில்லை. கான் ஏரியின் மேற்குப் பக்கமாக, மலைக் கணவாய் வழியே, இரவு முழுக்க மழையில் படையை நடத்தினார். பீரங்கி போகக்கூடிய பாதையே அல்ல அது. லாஹர்டேன் ஊர்ப் பகுதியின் பங்குத் தந்தை கான்ராய் அந்த நடைக்குத் துணை நின்றார் என்பதற்காகப் பின்னால் காசில்பாரிலேயே தூக்கிலிடப்பட்டார்.

காலையில் எதிர்பாராத திசையிலிருந்து படை வருவதைப் பிரிட்டிஷார் பார்த்தார்கள். முதலில் பீரங்கிகள் ஹம்பர்ட்டின் வரிசைகளை அறுத்தன. பிரெஞ்சு வீரர்கள் பரவலாக விரிந்து, துப்பாக்கிக் கத்திகளோடு மேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். பிரிட்டிஷ் அணிகள் உடைந்தன. ஒருமுறை ஓடத் தொடங்கியவர்கள் நிற்கவே இல்லை. பீரங்கிகள், கொடிகள், லேக்கின் சொந்தச் சாமான்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. சிலர் ஓடிய வேகத்தில் அறுபது மைல் தாண்டி ஆத்லோன் நகரில்தான் மூச்சு விட்டார்கள். குதிரைப் பந்தயத்தின் பெயர் இப்படித்தான் சண்டைக்கு வந்தது. பிரிட்டிஷ் சீருடையில் இருந்த ஐரிஷ் மிலிஷியாக்காரர்கள் (உள்நாட்டில் திரட்டிய துணைப்படையினர்) சிலர் இந்தப் பக்கம் தாவியும் வந்தார்கள்.

குடியரசு எப்படி அறிவிக்கப்பட்டது?

வெற்றிக்கு நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, காசில்பாரில் ஹம்பர்ட் ஓர் ஆணை வெளியிட்டார். அதில் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியின்படி 'ஆறாம் ஆண்டு, ஃப்ருக்டிடோர் 14' என்று தேதி போட்டிருந்தது. ஆணையின் சாரம் இது: கொனாக்ட் மாகாண அரசு காசில்பாரில் இருந்து இயங்கும். பன்னிரண்டு பேர் கொண்ட ஆட்சிக்குழு இருக்கும். குடிமகன் ஜான் மூர் அதன் தலைவர். ஒவ்வொன்றிலும் 1,200 பேர் கொண்ட எட்டுக் காலாட்படைப் பிரிவுகளும், 600 பேர் கொண்ட நான்கு குதிரைப்படைப் பிரிவுகளும் திரட்டப்படும். 16 முதல் 40 வயது வரையுள்ள ஒவ்வொருவரும் ஐரிஷ் குடியரசின் பெயரால் பிரெஞ்சு முகாமுக்கு வர வேண்டும். துப்பாக்கியும் உடையும் வாங்கிக்கொண்டு 24 மணி நேரத்தில் படையில் வந்து சேராதவர் துரோகி.

கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தம் 12,000 பேர். அவ்வளவு பெரிய படை ஒருநாளும் சேரவில்லை.

ஜான் மூர் யார்?

முப்பதைத் தாண்டிய ஒரு வழக்கறிஞர். அப்பா ஜார்ஜ் மூர் ஸ்பெயினின் அலிகாந்தே துறைமுகத்தில் ஒயின் வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தவர். ஊர் திரும்பி, காரா ஏரிக்கரையில் மூர் ஹால் என்ற மாளிகையைக் கட்டினார். கத்தோலிக்கக் குடும்பம், செல்வாக்கான குடும்பம். மூத்த மகன் ஜான், இழக்க எல்லாம் இருந்தும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

பிரெஞ்சுத் தளபதியே நியமித்த அரசு என்றால், அது பொம்மை அரசுதானே?

நியாயமான கேள்வி. குழு உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் தளபதிக்கு என்று ஆணையே சொல்கிறது. தேர்தல் கிடையாது, சட்டமன்றம் கிடையாது. அந்த அரசின் முதல் வேலை படை திரட்டுவதும் இரண்டு படைகளுக்கும் சாப்பாடு பார்ப்பதும்தான். எழுத்தில் பார்த்தால் பொம்மை அரசு போலத்தான் தெரியும்.

ஆனால் பொம்மைக்காக யாரும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பீரங்கியை நோக்கி ஓட மாட்டார்கள். சங்கம் ஏழு வருடங்களாக இரகசியமாக உறுதிமொழி வாங்கி வளர்த்த எண்ணம்தான் குடியரசு என்பது. பிரான்ஸ் அதற்கு ஆயுதமும் ஒரு மேடையும் கொடுத்தது. ஆசை உள்ளூருடையது. அதனால் அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது. முளைக்கும்போதே பிடுங்கப்பட்ட பயிர் என்பேன்.

சரி, அது எத்தனை நாள் இருந்தது?

எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகஸ்ட் 31 அறிவிப்பிலிருந்து, படை காசில்பாரை விட்டுக் கிளம்பிய செப்டம்பர் 4 வரை என்றால் ஐந்து நாள். காசில்பார் வெற்றியிலிருந்து, செப்டம்பர் 8 அன்று பாலினமக் ஊரில் நேர்ந்த தோல்வி வரை என்றால் பதின்மூன்று நாள். கில்லாலாவில் பச்சைக் கொடி பறந்த காலம் முழுவதையும் சேர்த்தால் 33 நாள்.

ஹம்பர்ட் ஏன் காசில்பாரை விட்டுக் கிளம்பினார்?

உட்கார்ந்திருந்தால் சுற்றி வளைத்துவிடுவார்கள். அப்போதைய அயர்லாந்து வைஸ்ராய் காரன்வாலிஸ் பிரபு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு மெதுவாக, எந்த இடைவெளியும் விடாமல் வந்துகொண்டிருந்தார். ஹம்பர்ட் வடகிழக்கே ஸ்லைகோ பக்கம் திரும்பினார்.

செப்டம்பர் 5 அன்று கூலூனி அருகே லிமரிக் மிலிஷியாவோடு மோதல். அங்கே ஒரு பிரிட்டிஷ் பீரங்கி வழியை மறித்துக்கொண்டிருந்தது. பார்த்தலோமியூ டீலிங் என்ற இளைஞர், ஹம்பர்ட்டின் துணை அதிகாரி, லிஸ்பர்ன் ஊர்க்காரர், தனியாகக் குதிரையில் பாய்ந்து போய் பீரங்கிக்காரனைச் சுட்டு வீழ்த்தினார். வழி திறந்தது. இன்றும் அந்த இடத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது.

அதற்குள் லாங்ஃபோர்டிலும் வெஸ்ட்மீத்திலும் மக்கள் எழுந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஹம்பர்ட் தெற்கே திரும்பினார். அவர்களோடு சேர்ந்துவிட்டால் டப்ளினுக்கே வழி கிடைக்கும் என்பது கணக்கு. ஷானன் ஆற்றைக் கடந்து, தூக்கமில்லாமல், பீரங்கிகள் சிலவற்றை வழியிலேயே தள்ளிவிட்டு நடந்தார்கள். ஆனால் லாங்ஃபோர்டின் கிரானார்டில் எழுந்தவர்கள் அதற்குள் நசுக்கப்பட்டிருந்தார்கள்.

பாலினமக்கில் என்ன நடந்தது?

செப்டம்பர் 8, லாங்ஃபோர்ட் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பின்னால் லேக், முன்னால் காரன்வாலிஸ். சண்டை அரை மணி நேரம்தான் நீடித்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். சுமார் 850 பேர்.

அதன்பிறகு நடந்ததை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை. பிரெஞ்சு வீரர்கள் போர்க் கைதிகள், அவர்களுக்கு மரியாதை. கால்வாய்ப் படகுகளில் டப்ளினுக்கு அழைத்துப் போனார்கள், பிறகு நாட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் நின்ற ஐரிஷ்காரர்கள் சட்டப்படி அரசருக்குத் துரோகம் செய்தவர்கள். அவர்களுக்குச் சரணடைதல் என்பதே இல்லை. சதுப்பு நிலத்தில் ஓடியவர்களைக் குதிரைப்படை விரட்டி வெட்டியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். ஐரிஷ் படையை நடத்திய ஜார்ஜ் பிளேக் அங்கேயே தூக்கிலிடப்பட்டார். காசில்பாரில் கட்சி மாறிய மிலிஷியாக்காரர்களுக்கும் கயிறுதான். அடுத்திருந்த பாலினலீ ஊருக்குக் கொண்டுபோன கைதிகளையும் அங்கே தூக்கில் போட்டார்கள்.

டீலிங் பிரெஞ்சுப் படையின் அதிகாரி, அவரையும் போர்க் கைதியாகவே நடத்த வேண்டும் என்று ஹம்பர்ட் வாதாடினார். கேட்கவில்லை. செப்டம்பர் 24 அன்று டப்ளினில் தூக்கு. சில நாள் கழித்து உல்ஃப் டோனின் தம்பி மாத்யூ டோனுக்கும் அதே முடிவு.

ஒரே பக்கம் நின்று, ஒரே நாளில் தோற்றவர்களில் ஒருவனுக்குப் படகு, இன்னொருவனுக்குக் கயிறு. வெளிநாட்டு உதவியோடு நடக்கும் கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

கில்லாலா எப்படி விழுந்தது?

பாலினமக் முடிந்த பிறகும் இரண்டு வாரம் கில்லாலா தாக்குப்பிடித்தது. ஹம்பர்ட் அங்கே விட்டுப்போன ஷாரோ என்ற அதிகாரி, ஊரிலிருந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு ஒரு தீங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். ஆயர் ஸ்டாக் அவரை மனமாரப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 23 அன்று தளபதி ட்ரெஞ்ச் படையோடு வந்தார். ஈட்டியும் பழகாத துப்பாக்கியுமாக நின்றவர்கள் தெருக்களிலும் கடற்கரையிலும் வெட்டப்பட்டார்கள். 400 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

வேறு உதவிப் படை வரவே இல்லையா?

வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. செப்டம்பர் 16 அன்று ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத் தலைவர்களில் ஒருவரான நாப்பர் டான்டி ஒரு சிறு கப்பலில் டோனெகல் கரையில் இறங்கி, ஹம்பர்ட் தோற்ற செய்தி கேட்டுத் திரும்பிப் போனார். அக்டோபர் 12 அன்று டோரி தீவருகே சுமார் 3,000 வீரர்களோடு வந்த கடற்படையைப் பிரிட்டிஷார் முறியடித்தார்கள். உல்ஃப் டோன் அதில் பிடிபட்டார். சிப்பாயாகச் சுட்டுக்கொல்லுங்கள் என்று கேட்டும் தூக்குத்தான் என்றார்கள். சிறையில் தன் தொண்டையை அறுத்துக்கொண்டு நவம்பர் 19 அன்று இறந்தார்.

காரன்வாலிஸ் என்றால் நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே காரன்வாலிஸா?

அவரேதான். 1781இல் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்தவர். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலம், பாராமகால் பகுதிகளையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர். திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக ஏற்றவர். சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை இருக்கிறது, பீடத்தில் அந்தப் பிணைக் காட்சியையே செதுக்கியிருக்கிறார்கள். காசில்பாரில் தோற்றோடிய லேக்கும் பின்னால் இந்தியாவுக்கு வந்தார். 1803இல் மராட்டியரிடமிருந்து டெல்லியைப் பிடித்தது அவர்தான்.

திப்புவும் 1798இல் பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்திருந்தார். மொரீஷியசிலிருந்து வந்துசேர்ந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டணம் விழுந்தது.

ஹம்பர்ட் பிறகு என்ன ஆனார்?

கைதிகள் பரிமாற்றத்தில் பிரான்சுக்குப் போனார். நெப்போலியனோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவுக்குப் போய், 1815இல் நியூ ஆர்லியன்ஸ் சண்டையில் மறுபடியும் பிரிட்டிஷாருக்கு எதிராக நின்றார். 1823இல் அதே நகரில் இறந்தார்.

கிளர்ச்சியால் அயர்லாந்துக்கு என்ன கிடைத்தது?

உடனடியாகக் கிடைத்தது நேர் எதிரானது. இருந்த சொந்த நாடாளுமன்றமும் போயிற்று. 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. இணைப்புக்காக முன்னின்று உழைத்தவர்களில் காரன்வாலிஸும் ஒருவர். மேயோ மக்களோ 1798ஐப் 'பிரெஞ்சுக்காரர்களின் வருடம்' என்று ஐரிஷ் மொழியில் பெயர் சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் கதையாகவும் பாட்டாகவும் காத்து வந்தார்கள்.

ஜான் மூர் கதை எப்படி முடிந்தது?

காசில்பார் திரும்பப் பிடிபட்டபோது அவரும் சிக்கினார். அப்பா பணத்தைத் தண்ணீராகச் செலவழித்து வழக்கு நடத்தியதில் தூக்கிலிருந்து தப்பினார், நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. கப்பலேற்றக் கொண்டுபோகும் வழியில், 1799 டிசம்பரில், வாட்டர்ஃபோர்டில் ஒரு விடுதியில் நோயுற்று இறந்தார்.

அந்தக் கல்லறை எங்கே என்பதே நெடுங்காலம் மறந்துபோயிருந்தது. அப்புறம் கண்டுபிடித்தார்கள். 1961 ஆகஸ்டில் அவர் எலும்புகளை அரசு மரியாதையோடு காசில்பாருக்குக் கொண்டுவந்து, ஊர் நடுவிலிருக்கும் 'மால்' என்ற புல்வெளியில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் டி வலேரா வந்து நின்றார். மூர் குடும்பத்தின் மாளிகை மட்டும் திரும்பவில்லை. 1923 உள்நாட்டுப் போரில் ஐரிஷ் குடியரசுவாதிகளே அதை எரித்துவிட்டார்கள். கூரையில்லாத அதன் சுவர்கள் இன்றும் காரா ஏரிக்கரைக் காட்டுக்குள் நிற்கின்றன.